பூநாரை தூரத்தில் நிற்கிறது: சிறிய மிரர்லெஸ்ஸா, நீள ஜூமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். பசுமைப்படை மாணவர்களுக்கு நம் கடற்கரைப் பறவைகளைப் படம் எடுத்துக் காட்ட ஆசை. தனுஷ்கோடிப் பூநாரை, சக்கரக்கோட்டைக் கண்மாய் நாரைகள், காரங்காட்டு அலையாத்திக் காடு எல்லாம் போய்வர பைக்தான். கையில் 90,000 ரூபாய் இருக்கிறது. பிறகு லென்ஸ் வாங்கத் தனியாகச் செலவு செய்ய வழியில்லை. கடைக்காரர் இரண்டு லென்ஸ் சேர்த்து வரும் கேனான் ஆர்50 மிரர்லெஸ்ஸை (லென்ஸைக் கழற்றி மாற்றும் கேமரா) எடுக்கச் சொல்கிறார், "சென்சார் பெரிசு சார், படமே வேற மாதிரி இருக்கும்" என்று. உடன் வேலை பார்ப்பவர் நிக்கான் பி950 மாதிரி 83 மடங்கு ஜூம் கேமராதான் பறவைக்கு ஆகும் என்கிறார். சென்சார் சிறியது என்பதால் பயமாக இருக்கிறது. வீட்டு விசேஷத்துக்கும் உதவ வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பி950-ஐ வாங்குங்கள். இந்தப் பதில் உங்களுக்கு மட்டுமானது. இதே பணத்தோடு வேறொருவர் கேட்டிருந்தால் வேறு பதில் வரும். அதனால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. படத்தைப் பதியும் சில்லுதான் சென்சார். ஆர்50-இன் சென்சார் 22.3-க்கு 14.9 மில்லிமீட்டர். பி950-இன் சென்சார் சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பரப்பில் பார்த்தால் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை மாலை வெளிச்சத்தில் எடுத்தால், பெரிய சென்சார் பேசும். ஆனால் உங்கள் பூநாரை நான்கடி தூரத்தில் இல்லையே.

தூரத்துப் பொருளுக்கு முதலில் பார்க்க வேண்டியது லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் என்பதை. பறவையிலிருந்து வரும் வெளிச்சம் அந்த வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது. வாய் அகலமாக இருந்தால் அதிக வெளிச்சம் சேரும், நுண்ணிய விவரமும் கூடும். இதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்: லென்ஸின் முன்விளிம்பில் எழுதியிருக்கும் உண்மையான குவியத் தூரத்தை (லென்ஸின் நீட்டத்தைச் சொல்லும் மி.மீ. எண்), அந்த ஜூமில் கிடைக்கும் எஃப் எண்ணால் (துளையின் அளவைக் குறிக்கும் எண்) வகுத்தால் போதும். பி950-இன் விளம்பரத்தில் 2000 மி.மீ. என்று இருக்கும். அது பழைய 35 மி.மீ. பிலிம் கேமராவுக்கு நிகரான கணக்கு. லென்ஸிலேயே எழுதியிருப்பது 4.3-357. முழு ஜூமில் எஃப்6.5. ஆக 357-ஐ 6.5-ஆல் வகுத்தால் 55 மி.மீ. வாய். ஆர்50-உடன் கொடுக்கும் 55-210 லென்ஸுக்கு முழு நீட்டத்தில் எஃப்7.1. 210-ஐ 7.1-ஆல் வகுத்தால் 30 மி.மீ.கூட முழுதாக இல்லை. பரப்பில் மூன்று மடங்குக்கு மேல் குறைவு. அதாவது 200 மீட்டர் தள்ளி நிற்கும் பூநாரையிடமிருந்து, சிறிய சென்சார் என்று நீங்கள் பயப்படும் கேமரா, பெரிய சென்சார் கேமராவைவிட மூன்று மடங்கு வெளிச்சத்தை வாங்குகிறது. சென்சார் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வாய் வழியே வராத வெளிச்சத்தை அது உண்டாக்கித் தராது.

புள்ளி (பிக்சல்) கணக்கிலும் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் பெரிய பூநாரை சுமார் 1.3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம், தூரம் 200 மீட்டர். 55-210 லென்ஸில் அது படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது, ஏறத்தாழ 365 புள்ளிகள். வெட்டிப் பெரிதாக்கி வகுப்பறைத் திரையில் போட்டால் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குச்சி தெரியும். பி950-இல் அதே பறவை படத்தின் பாதி உயரத்துக்கு நிற்கும், 1,750 புள்ளிகள் வரும். அலகின் கறுப்பு நுனியும் சிறகோரச் சிவப்பும் தெரியும். 40 மீட்டரில் சேற்றைக் கிண்டிக்கொண்டிருக்கும் சிறு உள்ளானுக்கு இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். உள்ளான்களில் இனம் பிரிப்பதே கால் நிறத்தையும் அலகின் வளைவையும் வைத்துத்தானே.

கடைக்காரர் காட்டாத மூன்றாவது வழி ஒன்று உண்டு: அதே ஆர்50 உடலோடு கேனான் ஆர்எஃப் 100-400 லென்ஸ். 400-ஐ எஃப்8-ஆல் வகுத்தால் 50 மி.மீ. வாய், பி950-க்குக் கிட்டத்தட்ட சமம். உடல் 375 கிராம், லென்ஸ் 635 கிராம், சேர்த்தால் ஒரு கிலோ சொச்சம். பி950-உம் ஒரு கிலோதான். பூநாரை இதில் 700 புள்ளி உயரம் வரும். 1,750-க்கும் 700-க்கும் இரண்டரை மடங்கு இடைவெளி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். வாய் அகலம் ஒன்றாக இருப்பதால் உண்மையான விவரம் அவ்வளவு வேறுபடாது. பி950 தரும் கூடுதல் புள்ளிகளில் பல, மங்கலை இன்னும் பெரிதாகக் காட்டும் புள்ளிகளே. பறக்கும் பறவையைப் பின்தொடர்வதில் இந்த ஜோடி பி950-ஐ எளிதாக மிஞ்சும். பணம் இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் 90,000-க்குள் இது அடங்காது, பின்னால் சேர்க்கவும் வழியில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். 'இப்போதைக்கு இரண்டு லென்ஸ் கிட், அப்புறம் பெரிய லென்ஸ்' என்று தொடங்கும் பலரிடம் அந்த அப்புறம் வருவதேயில்லை. 55-210 லென்ஸோடு இரண்டு சீசன் தனுஷ்கோடி போய்வந்து, 'பறவைப் படம் நமக்கு வராது' என்று கேமராவை அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

இனி வீட்டு விசேஷம். இங்கே கணக்கு தலைகீழாகும். அகலக் கோணத்தில் பி950-இன் வாய் வெறும் ஒன்றரை மில்லிமீட்டர். ஆர்50-இன் 18-45 லென்ஸுக்கு 4 மில்லிமீட்டர். நல்ல ஃபோனின் முதன்மை கேமராவுக்குச் சுமார் 3. காதுகுத்து, வளைகாப்பு, இரவில் ஏர்வாடி சந்தனக்கூடு ஊர்வலம், இவற்றுக்கெல்லாம் பி950-ஐ எடுக்காதீர்கள். உங்கள் கையிலிருக்கும் ஃபோனே அதைவிட நல்ல படம் தரும். பல படங்களை ஒரே நொடியில் எடுத்துச் சேர்க்கும் வித்தை ஃபோனில் இருக்கிறது, பி950-இல் அது இந்த அளவுக்கு இல்லை. ஆக, ஏற்கனவே ஃபோன் செய்யும் வேலையைக் கொஞ்சம் நன்றாகச் செய்ய ஒரு மிரர்லெஸ்ஸுக்குப் பணம் போடுவதைவிட, ஃபோன் என்றைக்கும் செய்ய முடியாத வேலைக்குப் போடுவது உங்களுக்கு நல்லது. விசேஷப் படமே முதல் தேவை, பறவை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்று எழுதியிருந்தால், கடைக்காரர் சொன்னதையே எடுக்கச் சொல்லியிருப்பேன்.

பி950-இல் எதை இழக்கிறீர்கள் என்பதையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பறக்கும் ஆலாவை இது பிடிக்காது. மீனுக்குப் பாயும் ஆலாவின் வேகத்துக்கு இதன் ஆட்டோஃபோகஸ் ஈடு கொடுக்காது. முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், அதற்குள் பறவை போய்விடும். மெதுவாக வட்டமிடும் செம்பருந்து, வரிசையாகப் போகும் கூழைக்கடா என்றால் ஜூமைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு முயலலாம். தொடர்ச்சியாக எடுக்கும்போது பத்துப் படத்தில் நின்று, கார்டில் எழுதி முடிக்கும் வரை காக்க வைக்கும். அதனால் பொத்தானை அழுத்தியே வைத்திருக்காமல் மூன்று மூன்றாக எடுங்கள். சூரியன் மறைந்த பிறகு முழு ஜூம் படம் கரகரப்பாகத்தான் வரும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 800-க்கு மேல் இறகின் கோடுகள் வழித்துவிட்டதுபோல் ஆகிவிடும்.

இதையே 125 மடங்கு ஜூம் உள்ள பி1000-ஆக வாங்கலாமா என்று நண்பர் கேட்பார். வேண்டாம். 1.4 கிலோ எடை பைக் பயணத்துக்குச் சுமை என்பது ஒரு காரணம். பெரிய காரணம் நம் ஊர்க் காற்று.

தனுஷ்கோடி மணலும் வாலிநோக்கம் உப்பளமும் வெயில் ஏறியதும் கொதிக்கும். தரையை ஒட்டிய காற்று சூடாகி, மேலேயுள்ள காற்றோடு கலந்து அலையும். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் வெளிச்சத்தை வெவ்வேறு அளவில் வளைப்பதால், பறவையிலிருந்து வரும் ஒளி நேராக வராமல் நெளிந்து வருகிறது. இடையில் இருக்கும் காற்று எவ்வளவு நீளமோ அவ்வளவு நெளிவு. இதை எந்த விலை லென்ஸும் சரிசெய்யாது. 'என் கேமராவில் ஃபோகஸ் சரியில்லை' என்று இந்தக் கரையிலிருந்து வரும் புகார்களில் பெரும்பாலானவை, எடுத்த நேரத்தைக் கேட்டால் காலை பத்துக்கு மேல் என்று முடியும். அப்போது எடுத்த படத்தில் பறவையின் விளிம்பு இரட்டையாக, நீருக்கடியில் பார்ப்பதுபோல் இருக்கும். கை நடுக்கத்தால் வந்த மங்கல் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். இந்த வித்தியாசத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

எனவே தொலைவுப் படங்களை விடிந்ததிலிருந்து எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். மழை பெய்து ஓய்ந்த நாளும் மேகமூட்டமான நாளும் பகல் முழுக்க உதவும். களத்தில் இப்படிச் சோதியுங்கள்: முழு ஜூமில் தூரத்துப் படகின் விளிம்பையோ கம்பத்தையோ வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் சிறு ஜன்னலில்) பத்து நொடி பாருங்கள். கோடு நெளிந்தால், அன்றைக்கு 200 மீட்டர் பறவை இல்லை. பக்கத்துப் பறவையைத் தேடுங்கள். லேசாக நெளிந்தால் முப்பது நாற்பது படம் எடுங்கள். நெளிவுக்கு நடுவே ஒரு கணம் காற்று அடங்கும், அந்தக் கணத்துப் படம் ஒன்றிரண்டு தெளிவாக விழுந்திருக்கும். மணலில் படுத்து எடுத்தால் படம் அழகு. ஆனால் தரையை ஒட்டிய சூட்டுக் காற்று முழுவதும் குறுக்கே வரும். வெயில் ஏறிய பிறகு நின்று எடுப்பதே மேல்.

வெளிச்சத்தின் திசைக்கு ஒரு குறிப்பு. பூநாரை வரும் மாதங்களில் சூரியன் தெற்குப் பக்கமாகச் சாய்ந்தே போகும். ஆகவே தண்ணீர் உங்களுக்கு வடக்கே இருக்கும்படி நின்றால், பகலின் பெரும்பகுதி வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் முகத்தில் வெளிச்சம் இருக்கும். தெற்கே பார்த்து எடுத்தால் கறுத்த நிழலுருவம்தான் வரும். 2025 ஜூனில் தனுஷ்கோடி பெரும் பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. வனத்துறை எந்த இடத்தில் நிற்கச் சொல்கிறதோ அங்கேயே நில்லுங்கள். உங்கள் கேமராவுக்கு அது போதும். மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் ஒருசேரத் தலையைத் தூக்கி ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் மிகக் கிட்டே போய்விட்டீர்கள். பின்வாங்குங்கள். மாணவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடமும் இதுதான்.

கண்மாய்ப் பறவைகள் உங்களுக்கு எளிது. சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இலும், சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இலும் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. கரையில் நின்றால் கருவேல மரத்துக் கூடுகள் எட்டும் தூரத்தில் இருக்கும், தண்ணீருக்கு மேல் சூட்டு நெளிவும் மணலில் இருப்பதைவிடக் குறைவு. மழை ஏமாற்றிய ஆண்டில் கண்மாயில் தண்ணீரே இருக்காது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அமைப்புகள் சுருக்கமாக. டயலில் பறவைக்கென்று ஒரு முறை இருக்கிறது, முதல் ஒரு மாதம் அதையே வைத்துப் பழகலாம். பிறகு ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் எஸ் முறைக்கு மாறி, நிற்கும் பறவைக்கு ஷட்டர் 1/500, அசையும் பறவைக்கு 1/1000 வையுங்கள். ஐஎஸ்ஓ உச்ச வரம்பு 800. ஃபோகஸ் பகுதி நடுவில், சிறியதாக. எஃப் எண்ணைக் கூட்டாதீர்கள். பெரிய கேமராவில் எஃப்8, எஃப்11 வைத்தால் கூர்மை கூடும் என்று படித்திருப்பீர்கள்; இவ்வளவு சிறிய சென்சாரில் துளையைச் சுருக்கினால் ஒளி விளிம்பில் சிதறி மங்கல்தான் கூடும். டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்குக்கு எக்ஸ்போஷரை 0.7 குறையுங்கள், இல்லாவிட்டால் இறகு வெள்ளைக் காகிதமாகிவிடும். வெளிறிய வானத்துக்கு எதிரே இருக்கும் பருந்துக்கு 1 கூட்டுங்கள்.

முழு ஜூமில் பார்வையின் அகலம் ஒரு பாகை அளவே. பறவையைத் தேடுவதே பாதி வேலை. லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்திப் பிடித்தால் ஜூம் பின்வாங்கி அகலமாகக் காட்டும், பறவையை நடுவில் கொண்டுவந்து விட்டால் பழைய ஜூமுக்கே திரும்பும். வீட்டு மாடியில் நின்று தென்னை உச்சிக் காக்கையை வைத்து இதைப் பழகுங்கள். வாடைக்காற்றில் மெலிந்த டிரைபாட் ஆடும், பைக்கில் கட்டிக்கொண்டு போவதும் தொல்லை. தடித்த துணிப்பை ஒன்றில் ஒன்றரைக் கிலோ பச்சைப்பயறு நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். பைக் சீட்டில், கண்மாய் மதகில், படகு விளிம்பில் அதை வைத்து, மேலே லென்ஸை அழுத்தி உட்கார வைத்தால் அசையாது. மணல் நிரப்பாதீர்கள், ஒரு தையல் விட்டாலும் கேமராவுக்கு ஆபத்து.

மணலும் உப்பும்தான் நம் கரையில் கேமராவைக் கொல்பவை. இதில் இரண்டு வகைக்கும் வெவ்வேறு பலவீனம். மிரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றும் நொடியில் மணல் உள்ளே போகும். ஆனால் ஊதுகுமிழால் (கையால் அழுத்திக் காற்றடிக்கும் ரப்பர் குமிழ்) சென்சாரை நீங்களே சுத்தம் செய்யலாம், கெட்டுப்போனால் லென்ஸை மட்டும் தனியாகப் பழுதுபார்க்கலாம். பி950-இல் கழற்ற எதுவுமில்லை, காரங்காட்டுப் படகில் அது பெரிய நிம்மதி. ஆனால் ஜூம் நீளும்போது குழாய்க்குள் குழாயாக வெளியே வந்து, சைக்கிள் பம்பு போலக் காற்றை உள்ளே இழுக்கிறது. குழாயில் ஒட்டிய மணல் உள்ளே திரும்பும்போது இடுக்கில் சிக்கும். முதலில் 'கரக்' என்று சத்தம், பிறகு மோட்டார் திணறி லென்ஸ் பிழை என்று திரையில் எழுத்து வரும். அந்த நிலையில் பலமுறை அணைத்து அணைத்துப் போடாதீர்கள். மோட்டாரின் பல்சக்கரம் தேய்ந்தால் லென்ஸ் தொகுதியையே மாற்ற வேண்டி வரும், அதன் செலவு புதுக் கேமராவைக் கேட்கும். மழை, அலைத்தூறல் இவற்றைத் தாங்கும் காப்பும் இதற்குக் கிடையாது.

ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் அலை உடையும் இடத்தில் நிற்காமல், அமைதியான பெண்கடல் (பாக் விரிகுடா) பக்கமாக ஒதுங்கி நின்றாலே பாதி ஆபத்து குறையும். காற்று முதுகில் அடிக்கும்படி நில்லுங்கள். மணல் பறக்கும் நாளில் ஜூமை அடிக்கடி நீட்டிச் சுருக்காமல் ஒரே நீளத்தில் வைத்து எடுங்கள். சுருக்கும் முன் குழாயைச் சுற்றி ஊதுகுமிழால் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் ஈரம் போகும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை வெட்டி, லென்ஸ் வாயில் ரப்பர் பேண்டு போட்டு மாட்டினால் தூறலுக்குப் போதும். குழாய் நீள்வதற்கு இடம் விட்டு மாட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியதை மறுநாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். காரணம் இதுதான்: கேமராவின் மேல் காய்ந்து கிடக்கும் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானாக நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடற்கரையில் இரவு ஈரம் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டும். பகலில் பொடியாக இருந்த உப்பு, நீங்கள் தூங்கும்போது உப்புத் தண்ணீராகி, திருகு இடுக்கிலும் ஃப்ளாஷ் மாட்டும் தகட்டிலும் பேட்டரி முனையிலும் இறங்கித் துருவை உண்டாக்கும். ஆகவே அன்றைக்கே முதலில் ஊதுங்கள், அடுத்துத் தூரிகை, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த பருத்தித் துணியால் உடலைத் துடையுங்கள், கடைசியாக உலர்ந்த துணி. எடுத்த எடுப்பில் உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் லென்ஸ் பூச்சில் கோடு போட்டுவிடும். கண்ணாடிக்கு லென்ஸ் திரவம் இரண்டு சொட்டு, துணியில் விட்டு. நேராகக் கண்ணாடி மேல் விடக் கூடாது, விளிம்பு வழியே உள்ளே இறங்கும்.

வைக்கும் இடமும் முக்கியம். ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே கால் கிலோ சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று. 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 60-க்கு மேல் நாள்கணக்கில் இருந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். பி950-இல் அதைச் சுத்தம் செய்ய லென்ஸையே பிரிக்க வேண்டும். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. நிறம் மாறியதும் அடிகனமான சட்டியில் சிறு தீயில் நிறம் திரும்பும் வரை சூடாக்கி, ஆறவைத்துப் போடலாம். சமைக்கும் சட்டி வேண்டாம், இதற்கென்று ஒன்றை ஒதுக்குங்கள். அரிசியில் புதைத்து வைப்பதைக் கைவிடுங்கள். அது ஈரத்தை உருப்படியாக எடுக்காது, தவிட்டுத்தூளை மட்டும் இடுக்கில் ஏற்றும். தோல் பையிலும் நாள்கணக்கில் வைக்காதீர்கள், பூஞ்சைக்குத் தோல் பிடித்தமான இடம்.

பைக்கில் பெட்டியிலோ டேங்க் மேலோ வைக்காமல் முதுகுப்பையில் எடுத்துச் செல்லுங்கள். வண்டியின் அதிர்வு, நடுக்கம் தடுக்க லென்ஸுக்குள் மிதந்துகொண்டிருக்கும் கண்ணாடிக்கு ஆகாது. உங்கள் உடம்பு அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

லென்ஸின் முன் மாட்டும் யூவி ஃபில்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பி950-க்கு அதன் அளவு 67 மி.மீ. தூறல் இருக்கும் இடத்தில் போடுங்கள், முழு ஜூமில் எடுக்கும்போது கழற்றுங்கள். மலிவான கண்ணாடியின் சிறு அலைவுகூட இவ்வளவு பெரிதாக்கும்போது மங்கலாகத் தெரியும். பேட்டரி ஒரு சார்ஜில் 290 படம் என்பது நிறுவனக் கணக்கு. வியூஃபைண்டரும் ஜூமும் அதிகம் ஓடினால் இன்னும் குறையும், ஆகவே இரண்டாவது பேட்டரி அவசியம்.

கடையில் கவனிக்க வேண்டியவை. பி950 2020-இல் வந்த மாடல், இருப்பு இருக்கிறதா என்று முதலில் ஃபோனில் கேட்டுவிட்டுப் போங்கள். இல்லையென்றால் கேனான் எஸ்எக்ஸ்70-ஐக் காட்டுவார்கள். அதன் வாய் 38 மி.மீ.தான், ஆனால் எடை 600 கிராம் சொச்சம். பறவைக்கு இரண்டாம் தேர்வு என்று சொல்லலாம். பழைய சோனி ஆர்எக்ஸ்10 நான்காம் பதிப்பு நல்ல நிலையில் உங்கள் விலைக்குக் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். 35 மி.மீ. கணக்கில் 600 மி.மீ. வரை நீளும், முழு ஜூமில் எஃப்4, உண்மையான வாய் 55 மி.மீ., ஒரு அங்குலச் சென்சார், பறக்கும் பறவையையும் பிடிக்கும் ஃபோகஸ். விசேஷத்துக்கும் ஓரளவு உதவும். பழையது வாங்கினால் ஃபோன் டார்ச்சை லென்ஸின் முன்னாலிருந்து சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் பூஞ்சை. டிரைபாட் துளையிலும் திருகுத் தலையிலும் துரு இருந்தால் கடலோரத்தில் பராமரிப்பின்றி ஓடியது. ஜூமை பத்து முறை நீட்டிச் சுருக்கிச் சத்தம் கேளுங்கள்.

மிரர்லெஸ்ஸே எடுப்பதென்று மனம் மாறினாலும் ஒன்றை மட்டும் பாருங்கள்: வியூஃபைண்டர் இருக்க வேண்டும். நிக்கான் இசட்30, சோனி இசட்வி-இ10 போன்ற காணொளிக்கான மாடல்களில் அது கிடையாது. தனுஷ்கோடி வெயிலில் பின்திரையில் உங்கள் முகம்தான் தெரியும், பறவை தெரியாது.

இன்னொன்று, உச்சிப்புளிக்காரர் என்பதால் சொல்கிறேன். உங்கள் ஊரிலேயே கடற்படை விமானத் தளம் இருக்கிறது. இவ்வளவு நீள ஜூமை அந்தப் பக்கம் திருப்பினால், பறவைக்காகத்தான் என்று விளக்கிக்கொண்டிருக்க நேரும். மாணவர்களிடமும் சொல்லி வையுங்கள். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளில் அனுமதியின்றி இறங்கவும் கூடாது.

வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். வளர்பிறை அஷ்டமி நிலவு மாலையில் உச்சிக்கு அருகில் நிற்கும். உச்சிக்கு அருகில் காற்றின் நெளிவு மிகக் குறைவு. பயறுப் பையில் கேமராவை வைத்து, முழு ஜூமில், எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் முறையில் எஃப்6.5, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 100. இரண்டு நொடி டைமர் போட்டு, நிலவை நடுவில் வைத்து ஒன்று, நான்கு மூலைகளிலும் ஒவ்வொன்று எடுங்கள். பள்ளங்களின் விளிம்பு நடுவில் கூர்மையாக வந்து, மூலைகளில் நான்கிலும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் லென்ஸ் சரி. ஒரு பக்கம் மட்டும் கலங்கியிருந்தால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தப் படங்களையும் பில்லையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள்.